வேண்டாம் என்றவர்களின் ஆட்சி

பதவியை விரும்புகிறவரிடமே பதவியைக் கொடுப்பதுதான் எல்லாக் கேடுகளுக்கும் தொடக்கம் என்பதை, பல தலைவர்களைக் கண்டு களைத்த பிறகு, எங்கள் நகரம் உணர்ந்தது. உணர்ந்ததோடு நில்லாமல் சட்டமும் இயற்றியது. அச்சட்டத்தின்படி நகராட்சி மன்றத்தில் அமரத் தகுதியுடையோர் தத்துவம் பயின்றவர்கள் மட்டுமே. அவர்களுள்ளும், ஆள்வதில் சிறிதும் விருப்பமில்லாதவர்கள் மட்டுமே.

நான் அப்போது கல்லூரியில் அளவையியல் கற்பித்துவந்தேன். முறையாக வாதிடுவது எப்படி என்பதைச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. வாதத்தில் வெல்வது எப்படி என்பது அதில் இல்லை. இல்லை என்பதை என் வீட்டிலேயே தோற்றுத் தோற்று அறிந்திருந்தேன். சிந்திப்பவனே ஆளத் தகுந்தவன் என்று நீண்ட கட்டுரை ஒன்றும் எழுதியிருந்தேன். அதை முழுவதும் படித்தவர்கள் நானும் மெய்ப்புத் திருத்தியவரும்தாம். கடைசிப் பகுதியில் அவர் விட்டுவைத்த பிழைகளைப் பார்த்தால், அவரையும் கணக்கிலிருந்து நீக்கவேண்டியிருக்கும்.

மன்றத்திற்கு ஆள் எடுக்க விருப்பமின்மைத் தேர்வு என்று ஒன்று நடந்தது. கேள்வி ஒன்றே: "தலைவர் பதவி உங்களுக்கு வேண்டுமா?" அறவியல் கற்பிக்கும் அம்மையார் மேசையைத் தட்டி, "ஒருபோதும் வேண்டாம்!" என்றார். ஒன்றை இவ்வளவு வேகமாக வெறுப்பவருக்கு அதனோடு ஏதோ தொடர்பு இருக்கிறது என்று கருதிய தேர்வுக் குழு, அவரை உறுப்பினராக மட்டும் எடுத்துக்கொண்டது. எதையும் ஐயுறுவதையே தொழிலாகக் கொண்ட பேராசிரியர் ஒருவர், தமக்குப் பதவி வேண்டுமா வேண்டாமா என்பதைத் தம்மால் அறிய இயலாது என்றார். அவரும் உறுப்பினரானார். என் முறை வந்தபோது நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி முடிந்து சற்று நேரம் கழித்துத் திரும்பி, "மன்னிக்கணும், என்ன கேட்டீங்க?" என்றேன்.

குழுவினர் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் தலைவரானேன். அந்தத் திரும்புதலை நான் பல நாள் ஒத்திகை பார்த்திருந்தேன் என்பதைக் குழு கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை கூறுவது முறையான வாதம் ஆகாது.

தலைவருக்கென்று போடப்பட்டிருந்தது சாய்மானம் இல்லாத முக்காலி. பதவி இனித்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதன் மீது அமர்ந்தால் முதுகு வலிக்கும். அமராத நாளில் மனம் வலித்தது. கூட்டம் தொடங்குமுன் உறுப்பினர் அனைவரும் ஒருசேரப் பெருமூச்சு விட்டு, ஆள நேர்ந்த துன்பத்தைத் தெரிவிப்பது வழக்கம். அது கூட்டக் குறிப்பில் பதிவாகும். நாளடைவில் என் பெருமூச்சைக் கேட்பதற்கென்றே பார்வையாளர் வரிசையில் சிலர் வந்து உட்காரத் தொடங்கினர்.

மன்றச் செயலாளர் மட்டும் பழைய ஆட்சியிலிருந்து தொடர்பவர். புதிய முறையை அவர் மனமாரப் பாராட்டினார்.

"முன்னயெல்லாம் தலைவருங்க வந்து உக்காந்ததுமே பாலம் என்னாச்சு, ரோடு என்னாச்சுன்னு உயிரை எடுப்பாங்க சார். நீங்கள்லாம் வந்த பிறகுதான் நான் மத்தியானம் வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிட்டு, கொஞ்சம் கண் அசந்துட்டு வர்றேன். நல்லாட்சின்னா இதுதான் சார்."

இந்த நல்லாட்சிக்கு நடுவில்தான் என் தங்கையின் கணவர் வந்து சேர்ந்தார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சன்னலுக்கும் நிலைப்பேழைக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பார். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் நகராட்சிக் கிடங்கின் மதில். மழையில் ஊறிய அந்த மதில் நடுவில் பிதுங்கி, என் தங்கையின் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் மேலாகச் சாயத் தொடங்கியிருந்தது. நகராட்சியின் சொத்து என்பதால் அவர்கள் அதில் ஒரு செங்கல்லையும் தொட முடியாது. இடிக்க உத்தரவிடும் அதிகாரம் தலைவர் ஒருவருக்கே உண்டு.

"மச்சான், மதில் சாயுது," என்றார் அவர், மன்றத்தின் நடுவில் நின்று.

"மனுதாரர் இங்கே உறவுமுறை சொல்லிக் கூப்பிடக்கூடாது," என்றார் செயலாளர்.

"சரி. தலைவர் மச்சான், மதில் சாயுது."

அறவியல் அம்மையார் கனிவோடு முன்னால் சாய்ந்தார். "அந்த மதிலை இடிக்கணும்னு நீங்க விரும்புறீங்களா?"

"பின்ன? விரும்பாமலா கடையைப் பூட்டிட்டு வந்து நிக்கிறேன்?"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டனர். விருப்பம் அறிவை மறைக்கும் என்பது எங்கள் ஆட்சியின் அடிப்படை. ஆள்பவருக்கு விருப்பம் கூடாதென்றால், கேட்பவருக்கு மட்டும் எப்படிக் கூடும்? எனவே ஒரு மனுவை, அதில் எவ்வித அக்கறையும் இல்லாத ஒருவரே கொண்டுவர வேண்டும் என்று விதி செய்திருந்தோம். அவ்விதியின் வாசகத்தை அமைத்தவன் நான். அதில் ஒரு சொல்லைக்கூட நீக்க முடியாது என்று அன்று அனைவரும் பாராட்டினர்.

"எனக்குப் புரியலைங்க," என்றார் மாப்பிள்ளை. "அக்கறையே இல்லாதவன் எதுக்கு வேலை மெனக்கெட்டு இங்க வரப்போறான்?"

"அருமையான கேள்வி!" என்றார் ஐயவாதி. "இதுக்குன்னே தனியா ஒருநாள் ஒதுக்கணும்."

மாப்பிள்ளை ஒருநாளை ஒதுக்காமல் ஊரெல்லாம் அலைந்து, எதிலும் அக்கறையில்லாத ஒருவரைக் கண்டுபிடித்தார். முடிதிருத்தகத்து வாசலில் எப்போதும் உட்கார்ந்திருப்பவர். முடி வெட்டிக்கொள்ளவும் மாட்டார். எழுந்து போகவும் மாட்டார். 'சும்மா' என்பதே அவருக்குப் பெயர். மதில் பற்றி மன்றத்தில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டதற்கு, "சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன," என்றாராம். இதைக் கேள்வியுற்ற மன்றம் மகிழ்ந்தது. இத்தகைய தூய மனுதாரர் இதுவரை வாய்த்ததில்லை. உடனே நாள் குறித்தோம்.

அன்று அவர் வரவில்லை.

அழைத்துவர ஆள் அனுப்பினோம். "வந்தா என்ன, வராட்டி என்ன," என்ற பதிலோடு ஆள் திரும்பினான். பிறகு அறவியல் அம்மையார் எழுந்து, "நாம எல்லாரும் படிச்சு அடைஞ்ச இடத்துல அந்த மனுஷர் படிக்காமலே உக்காந்திருக்கார்," என்று தழுதழுத்தார். காலியாக இருந்த உறுப்பினர் இடத்தை அவருக்கு அளிப்பதென ஒருமனதாக முடிவாயிற்று. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அவர் கொட்டாவி விட்டதாகத் தெரிகிறது. அதுவும் குறிப்பில் ஏறியது. மதில் ஏறவில்லை.

அடுத்த கூட்டத்திற்கு மாப்பிள்ளை தாமே வந்தார். இம்முறை நடை தளர்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. யாரோ அவருக்குப் பாடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். யார் என்பதை நான் இங்கே கூறவேண்டியதில்லை. அந்தச் சன்னலைப் பார்க்கும் பார்வையை அவருக்குக் கற்பிக்கக்கூடியவர் ஊரில் ஒருவரே உண்டு.

"ஒரு மதில் இருக்குங்க," என்றார் சன்னலைப் பார்த்தபடி. "சாயுதாம். விழுந்தா விழட்டும். எனக்கென்ன."

நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். ஐயவாதி தாடியை நீவிக்கொண்டார்.

"அப்போ மதில் விழறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்ல?"

மாப்பிள்ளையின் இமை துடித்தது. என்னைப் பார்த்தார். நான் முக்காலியின் காலைப் பார்த்தேன்.

"இல்... லைங்க."

"அப்படின்னா குறையே இல்லையே! குறை இல்லாத இடத்துல மனு எப்படி இருக்க முடியும்?"

வாதத்தில் பழுதில்லை. நானே அதை என் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பேன். மனு முடித்துவைக்கப்பட்டது.

ஆயினும் தலைவரின் உறவினர் ஒருவர் மன்றத்தின் வாசலில் நின்று எங்கள் அனைவரையும் ஒருமையில் ஏசியதை முன்னிட்டு, மதிலை நேரில் சென்று பார்ப்பதென முடிவு செய்தோம். என் தங்கை எங்களைத் தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துச் சென்றாள். சமையலறைச் சாமான்கள் முன்பக்கம் கடைக்கு வந்துவிட்டன. கண்ணாடி அறுக்கும் மேசையின் கீழ் அடுப்பு இருந்தது. சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளில் எல்லாம் குழம்புச் சட்டி ஒன்று பலவாகத் தெரிந்தது.

"வீடு மாறிப் போயிடலாமேம்மா," என்றார் அறவியல் அம்மையார்.

"எங்கங்க போறது? இத்தனை கண்ணாடியையும் தலையில வெச்சுக்கிட்டா? சுவர் சாஞ்சா சுவரைத்தானே நிமித்தணும்? என்னைப் போய் நகரச் சொல்றீங்களே."

ஐயவாதி மதிலை அண்ணாந்து பார்த்தார். "சாயுதுங்கறது நமக்குத் தெரியுது. ஆனா விழும்ங்கறது தெரியுமா? இதுவரைக்கும் இது ஒருதடவைகூட விழுந்ததில்ல. அனுபவத்தை வெச்சுப் பேசினா, இது விழாத மதில்."

அவர் அதைக் கூறி முடிக்குமுன் மேலிருந்து ஒரு பெரிய காரைக்கட்டி பெயர்ந்து எங்களுக்கு நடுவில் விழுந்தது. உறுப்பினர்கள் நாற்புறமும் சிதறினர். ஐயவாதி என் தங்கையின் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் காணப்பட்டார். செயலாளர், "உறுப்பினர்கள் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டனர்," என்று குறித்துக்கொண்டார்.

மறுநாள் மன்றம் இதை ஆராய்ந்தது. மதிலை அல்ல, ஓட்டத்தை. உயிர் வாழவேண்டும் என்ற விருப்பத்தைப் பொது இடத்தில் வெளிப்படுத்தியதற்காக ஓடியவர்கள் கண்டிக்கப்பட்டனர். இடத்தை விட்டு அசையாமல் நின்ற ஒரே உறுப்பினர் என்று எனக்குப் பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது. என் கால் அப்போது சாக்கடைக் கம்பிக்குள் சிக்கியிருந்தது என்பதை நான் விளக்கத் தொடங்கினேன். அது தன்னடக்கம் என்று கருதப்பட்டுக் கைதட்டலில் மறைந்தது. நானும் மிகவும் உரக்க விளக்கவில்லை.

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கொல்லையில் மரத்துண்டுகளால் மதிலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வானம் இருண்டு வந்தது. தங்கை கடைக்குள் கண்ணாடிகளுக்கு இடையே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தலைவரே," என்றாள். "உக்காருங்க. முதுகு இல்லாத நாற்காலி இங்க இல்ல. பரவாயில்லையா?"

"கோபப்படாதே. நான் சொல்றதைக் கேளு."

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதை இடிக்கச் சொல்லி நீ கையெழுத்துப் போடலாமா, கூடாதா?"

"போடலாம். ஆனா விருப்பத்தோட போட்டா என் தகுதி போயிடும். சொந்தத் தங்கச்சி வீட்டு விஷயம். எனக்கு விருப்பம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பதவியை விட்டு இறக்கிடுவாங்க."

"இறக்கினா என்ன?"

"என்னன்னா?"

"உனக்குத்தான் அந்தப் பதவி வேண்டாமே? ஊரே சொல்லுது, எங்க அண்ணன் மாதிரி வேண்டாம்னு சொன்னவர் யாருமே இல்லைன்னு. வேண்டாத பதவி போனா உனக்கு என்ன நஷ்டம்?"

வாழ்நாளெல்லாம் வாதம் கற்பித்தவன் நான். வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறதென்று தேடினேன். பதவியை நான் விரும்பவில்லையெனில் கையெழுத்திடத் தடையில்லை. கையெழுத்திடத் தயங்கினால் பதவியை விரும்புகிறேன். விரும்புகிறேன் எனில் அதில் அமரும் தகுதி எனக்கு முதல் நாளிலிருந்தே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முக்காலி என் கீழிருந்து நழுவியது. மாணவன் ஒருவன் இதை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

"யோசிக்கணும்," என்றேன்.

"யோசி. மழை வந்தா மதில் யோசிக்காது." கத்தியை வைத்துவிட்டு அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ராத்திரி நாங்க ரெண்டு பேரும் இங்கதான் கடையில படுக்கிறோம். மதில் விழுந்தா அந்த அதிர்ச்சியில இந்தக் கண்ணாடியெல்லாம் எங்க மேல விழும். நான் உன்னைப் பயமுறுத்தல அண்ணா. எனக்கே பயமா இருக்கு, அதான் சொல்றேன்."

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. கொல்லைப் பக்கம் மரத்துண்டு ஒன்று முறியும் ஓசையும், அதைத் தொடர்ந்து மாப்பிள்ளை எங்கள் மன்றத்தைப் பற்றிக் கூறிய சுருக்கமான கருத்தும் கேட்டன.

மறுநாள் காலை, பெருமூச்சு முடிந்ததும், எவ்வித முகவுரையும் இல்லாமல் உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டுச் செயலாளரிடம் நீட்டினேன்.

"கிடங்கு மதிலை இன்னைக்கே இடிச்சாகணும்," என்றேன்.

"தலைவர் இதை எந்த விருப்பமும் இல்லாம உத்தரவிடுறார்னுதானே குறிக்கணும்?" என்று தப்பிக்க வழி காட்டினார் அறவியல் அம்மையார். நல்ல மனது அவருக்கு.

"இல்ல. இடிக்கணும்னு விரும்புறேன். ரொம்ப விரும்புறேன். அது விழுந்தா என் தங்கச்சி செத்துடுவா."

பார்வையாளர் வரிசையில் யாரோ "ஐயோ" என்றார். மன்றத்தில் 'விரும்புகிறேன்' என்ற சொல் தன்மை ஒருமையில், நிகழ்காலத்தில் ஒலித்தது அதுவே முதன்முறை. என்னை உடனே பதவி நீக்கம் செய்தார்கள். முக்காலியிலிருந்து எழுந்தபோது முதுகு நிமிர்ந்தது. மற்றெதுவும் நிமிரவில்லை.

"உத்தரவு செல்லுமா?" என்றேன் செயலாளரிடம்.

"கையெழுத்துப் போட்டப்போ நீங்கதான் தலைவர் சார். அடுத்த தலைவர் வந்து ரத்து பண்ற வரைக்கும் செல்லும்." குரலைத் தாழ்த்தினார். "வர்றவர் முதல் வேலையா ரத்து பண்ணிடுவார். விருப்பத்தோட போட்ட கையெழுத்தாச்சே."

அடுத்த தலைவரைத் தேர்வதற்கு அங்கேயே விருப்பமின்மைத் தேர்வு தொடங்கியது. அறவியல் அம்மையார் பதவியை மறுத்தார். ஐயவாதி அதைவிட அழகாக மறுத்தார். முன்னவர் மறுத்ததில் ஒரு தவிப்பு இருந்ததாக இவர் சுட்டிக்காட்ட, இவர் சுட்டிக்காட்டியதில் ஓர் ஆவல் இருந்ததாக அவர் சுட்டிக்காட்டினார். ஒருவர் வெளியேறினார், வெளியேறியவரைவிடத் தாம் அதிக நேரம் வெளியே நிற்கக்கூடும் என்று மற்றவரும் வெளியேறினார். இருவரும் தாழ்வாரத்தின் இரு முனைகளில் நின்றுகொண்டு, அழைத்தாலும் வரமாட்டோம் என்று, அழைப்பவர் காதில் விழும்படி அறிவித்துக்கொண்டிருந்தனர்.

இதற்கிடையில் உத்தரவு வேலைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஆட்சி வந்ததிலிருந்து அங்கிருந்த கூலியாட்களுக்கு வேலையே இல்லை. அவர்கள் தத்துவம் பயிலாதவர்கள். மதிலை இடிக்கவேண்டும் என்று வெளிப்படையாகவே விரும்பினார்கள். கடப்பாரையும் கயிறுமாகப் பாடிக்கொண்டே வந்து, மேலிருந்து வரிசை வரிசையாகக் கல்லைப் பெயர்த்து, மாலை மழை தொடங்குவதற்குள் மதிலைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். என் தங்கை கொல்லையில் வந்து நின்று, முன்பு மதில் இருந்த இடத்திலிருந்த வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மழை விட்ட மறுநாள் காலை, நானும் மாப்பிள்ளையும் செங்கற்களை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் வந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"தேர்வு முடிஞ்சுதா?" என்றேன்.

"முடியல சார். ரெண்டு பேரும் இன்னும் தாழ்வாரத்துலதான் நிக்கிறாங்க. தேர்வுக் குழு பொறுமை இழந்துட்டு வேற முடிவு எடுத்திருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்ததைக் கூறினார்: "'வேண்டாம்னு சொல்றது யாருக்கும் சுலபம். கையில இருந்த பதவியை ஒரு மதிலுக்காகத் தூக்கி எறிஞ்சவர் ஒருத்தர்தான். இப்படிப்பட்ட பற்றின்மையை நாங்க பார்த்ததே இல்ல. அவரே ஆயுள் முழுக்கத் தலைவரா இருக்கணும்.' உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டு வரச் சொன்னாங்க. வழக்கமான கேள்விதான் சார். பதவி உங்களுக்கு வேணுமா?"

மாப்பிள்ளை செங்கல்லைக் கீழே போட்டார். "மச்சான், வேண்டாம்னு சொல்லுங்க! அப்பத்தான் கொடுப்பாங்க!"

தங்கை சமையலறைக் கதவில் வந்து நின்றாள். "அண்ணா, வேணும்னு சொல்லு. அப்பத்தான் விடுவாங்க. போதும், வந்துடு."

இரண்டு கையிலும் செங்கல்லோடு நான் நின்றேன். ஆயுள் முழுவதும். முக்காலி என் கண்முன் வந்தது. பார்வையாளர் வரிசை வந்தது. என் பெருமூச்சு அந்த மண்டபத்தில் எதிரொலிக்கும் விதமும் வந்தது. சன்னல் பக்கம் திரும்பலாம் என்று பார்த்தேன். திறந்த கொல்லையில் சன்னல் இல்லை. நெஞ்சில் இருந்தது எதுவோ அதுவே, தடுக்குமுன், வாயில் வந்துவிட்டது.

"வேணும்," என்றேன். "ரொம்ப வேணும்."

என் பொது வாழ்வில் நான் கூறிய கலப்பற்ற உண்மை அது ஒன்றுதான்.

"சரிங்க சார்," என்றார் செயலாளர். கையிலிருந்த தாளில் என் பெயரை அடித்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டடி அவர் பின்னால் நடந்தேன். கையில் செங்கல் இருந்தபடியால் அது வேலை செய்வதுபோலவே தோன்றியிருக்கும்.

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்காக எவ்வளவு பெரிய பொய்யை வாய் கூசாம சொன்னே அண்ணா! உன் மாதிரி ஆசையே இல்லாத மனுஷனை நான் பார்த்ததில்ல. வா, கையைக் கழுவிட்டுச் சாப்பிடு."

அதில் ஒரு திருத்தம் செய்யவேண்டியிருந்தது. பசித்தது, உள்ளே போனேன்.